எயிற்பட்டினத்துப் பழந்தேறல்

மதுவை முதிரவைத்துக் கூடிச் சுவைப்பது ஐரோப்பியர் வழக்கம் மட்டும்தானா? இல்லை என்கிறது, ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடும் சங்க நூலான சிறுபாணாற்றுப்படை.

அவனது ‘கிடங்கில்’ என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. கடலோர எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர் ஆய்வாளர். அங்கே வரும் பாணர்களுக்கு, மீனவக் குடியினரான நுளையர் பெண்கள் வடித்த, தேறல் என்னும் பழைய மதுவைப் பரதவர் ஊட்டுவார்கள். சுட்ட குழல்மீனும் கிடைக்கும் என்கிறார் புலவர் நத்தத்தனார்.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் இறங்கியதோ மேற்கத்தியத் திராட்சை மது. 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. கிரேக்கத்துக் கோஸ் தீவின் மதுச் சாடிகளும் அவற்றில் உண்டு. ரோமானியரும் பழைய மதுவையே மெச்சினர்; கி.மு. 121ஆம் ஆண்டு விளைச்சல் பல தலைமுறைக்குப் பேசப்பட்டது.

முதிர்ந்தால் என்ன மாறும்? செந்திராட்சை மதுவில் துவர்ப்பைத் தரும் டானின்கள், நாளாக நாளாக ஒன்றுசேர்ந்து வண்டலாகப் படியும். துவர்ப்பு தணியும், மணம் மாறும்.

அரிக்கமேட்டுப் பொருட்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளோடு போய் வாருங்கள்.