எறிந்த பாட்டில் சட்டையாகிறது!

2023-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி. பிரதமர் மோடி இளநீல நிறக் கையில்லாத மேல்சட்டை அணிந்து பாராளுமன்றத்துக்கு வந்தார். பார்த்தால் சாதாரணத் துணி. ஆனால் அது செடியில் விளைந்த பஞ்சு அல்ல. தண்ணீர் குடித்துவிட்டு எறிந்த பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி எடுத்த நூல்! துணியைத் தயாரித்தது நம் கரூர் நிறுவனம் ஒன்று.

பாட்டில் துணியாவது மந்திரமா, மாயமா? ஒன்றுமில்லை. இரண்டும் உடன்பிறப்புகள், ஒரே இரசாயனப் பொருள்தான். 1941-ல் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் என்ற இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். தாத்தா காலத்தில் பெருமையாக உடுத்திய 'டெரிலின்' சட்டை இதுதான். பாட்டில் பின்னால் பிறந்த தம்பி. 1973-ல்தான் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

மிதக்கும் மூடி

காயலான் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பாட்டில்களைச் சில்லுகளாக நறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுகிறார்கள். மூடி மிதக்கும், பாட்டில் சில்லு மூழ்கும். வேண்டாததை மேலாக வழித்து எடுத்துவிடலாம். பிறகு காஸ்டிக் சோடா கலந்த சுடுநீரில் பசையும் அழுக்கும் போகக் கழுவுகிறார்கள்.

இங்கே ஓர் எதிரி உண்டு. பெயர் பி.வி.சி. அதுவும் பிளாஸ்டிக்தான், அதே பளபளப்பு. பொல்லாதது, அதுவும் தண்ணீரில் மூழ்கிவிடும்! கொஞ்சம் கலந்தாலும் போதும். உருக்கும்போது கருகி, அமிலம் கக்கி, கூட இருப்பதையும் கெடுத்துவிடும். நூலில் கறுப்புப் புள்ளி விழும். இழை அறுந்து அறுந்து போகும். பெரிய ஆலைகளில் இதைக் கண்டுபிடிக்க ஒளிக்கதிர் யந்திரம் இருக்கிறது. மற்ற இடங்களில் மனிதரின் கண்ணும் கையும்தான் காவல். தெருவில் பாட்டில் பொறுக்குகிறவர், கிடங்கில் உட்கார்ந்து தரம் பிரிக்கும் பெண் — நூலின் தரம் இவர்கள் கையில்தான் தொடங்குகிறது. நூலுக்கு விலை பேசும்போது இவர்களை யார் நினைக்கிறார்கள்?

இடியாப்பம் போல...

கழுவிய சில்லில் ஈரம் இருக்கக் கூடாது. ஈரத்தோடு உருக்கினால் இழை வலுவிழந்துவிடும். நன்றாக உலர்த்தி, ஏறக்குறைய 270 டிகிரி சூட்டில் பாகாக உருக்கி, பொடித் துளைத் தட்டின் வழியே பிதுக்குகிறார்கள். இடியாப்பம் பிழிவது போலத்தான்! ஆனால் இந்த இழை தலைமுடியைவிட மெல்லியது. அதை இழுத்து உறுதியாக்கி, சுருள் கொடுத்து, பஞ்சின் நீளத்துக்கு வெட்டினால் நூற்பாலைக்குத் தயார். தனியாகவும் நூற்கலாம், பருத்தியோடு கலந்தும் நூற்கலாம். பச்சைப் பாட்டிலில் வெள்ளை நூல் மட்டும் வராது. அதற்குக் கறுப்பு போன்ற அடர்ந்த நிறமே கதி.

லாபம் என்ன? புதிய பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது. பாட்டிலை உருக்கினால் அந்தப் பெட்ரோலியம் மிச்சம்.

கிழிந்த பிறகு?

இங்கேதான் சங்கடம். துவைக்கத் துவைக்க, கண்ணுக்குத் தெரியாத இழைத் துகள்கள் உதிர்ந்து ஆற்றுக்கும் கடலுக்கும் போகின்றன. புதிய பாலியெஸ்டரும் அப்படித்தான். பாட்டில் நூலும் அப்படித்தான். கிழிந்த சட்டையை மறுபடி நூலாக்கலாம் என்றால், பருத்தியோடு கலந்து நூற்றதைப் பிரிப்பது பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது போல. இன்று சந்தைக்கு வரும் மறுசுழற்சிப் பாலியெஸ்டரில் மிகப் பெரும் பகுதி பாட்டிலிலிருந்து வந்ததே. பழைய துணியிலிருந்து வருவது மிகச் சொற்பம்.