சுண்ணாம்புப் பானையில் மலரும் மக்காச்சோளம்

முற்றிக் காய்ந்த மக்காச்சோளத்தை வெறும் தண்ணீரில் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் மேல்தோல் பல்லில் சிக்கும், தொண்டையில் உறுத்தும். அதனால்தான் நம்மூரில் இளங்கதிரைச் சுட்டோ அவித்தோ தின்பதோடு சரி. முற்றிய மணியில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போய்விடுகிறது. ஆனால், மக்காச்சோளம் பிறந்த மண்ணான மெக்சிகோவில் முற்றிய மணிதான் அன்றாட உணவு. அதை மிருதுவாக்க அங்கே பயன்படுவது, நம் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் அதே சுண்ணாம்பு!

அந்தச் சுண்ணாம்பு வேலை என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 'பொசோலே' சூப்பைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பில் வெந்து தோல் நீங்கிய மணிகளை இறைச்சியோடு மணிக்கணக்கில் கொதிக்கவிடுவார்கள். மணியின் வாய் பிளந்து, வெள்ளைப் பூப்போல விரியும். 'நுரைத்தது' என்ற பொருள் தரும் பழைய நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. சுதந்திரத் திருநாளையொட்டி செப்டம்பர் 15 இரவில் வீட்டுக்கு வீடு அண்டா ஏறும். குரேரோ மாநிலத்தில் வியாழக்கிழமை என்றாலே பொசோலே கிழமை.

விதை போனது, பக்குவம் போகவில்லை

சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், தெற்கு மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் படுகையில் 'தியோசின்டே' என்ற காட்டுப்புல்லிலிருந்து மக்காச்சோளத்தை உருவாக்கியவர்கள் அங்கிருந்த குடியானவர்கள். சுண்ணாம்பிலோ சாம்பலிலோ வேகவைக்கும் பக்குவமும் அந்தப் பகுதி மக்கள் கண்டதே. 'நிஷ்டமால்' என்று அதற்குப் பெயர். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'சாம்பல்' இருக்கிறது.

தோல் உரிவது மட்டும் இதில் கிடைக்கும் பலன் அல்ல. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி வைட்டமின் உண்டு. ஆனால், அது மணிக்குள் கட்டுண்டு கிடப்பதால் குடலில் சேராது. சுண்ணாம்பின் காரம் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. கூடவே கால்சியமும் ஏறுகிறது.

கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு விதை மட்டும் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது, பக்குவம் போகவில்லை. மக்காச்சோளக் கூழையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் புதுநோய் பிடித்தது. வெயில் பட்ட இடமெல்லாம் தோல் தடித்து உரியும், வயிறு போகும், கடைசியில் சித்தம் கலங்கும். 1735-ல் ஸ்பெயினில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் இதைக் கண்டு எழுதிவைத்தார். இத்தாலியில் 'பெல்லாக்ரா' என்று பெயர் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குத்தகை விவசாயிகளின் குடும்பங்கள் இதற்குக் கொத்துக்கொத்தாகப் பலியாயின. கிருமிதான் காரணம் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, இது உணவுக் குறைபாட்டால் வரும் நோய் என்று காட்டியவர் ஜோசப் கோல்ட்பெர்கர். நியாசின்தான் மருந்து என்பது தெரிய 1937 ஆகிவிட்டது. மெக்சிகோவின் கிராமத்து அடுப்படியில் அந்த மருந்து எப்போதோ கொதித்துக்கொண்டிருந்தது.

சூப்புக்காகவே ஒரு நாட்டு ரகம்

பொசோலேவுக்கென்றே 'ககவாசின்ட்லே' என்ற ரகம் உண்டு. பருத்த, வெண்மையான, மாவுத்தன்மை மிகுந்த மணி. தொலூக்கா பள்ளத்தாக்கு போன்ற குளிர்ந்த மேட்டு நிலங்களில் விளைவது. கதிர் இளசாக இருக்கும்போது அவித்துத் தின்னவும் விற்பனையாகும், முற்றினால் பொசோலேவுக்கு. மெக்சிகோவில் 59 நாட்டு மக்காச்சோள இனங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். 1994-ல் அமெரிக்கா, கனடாவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வந்த பிறகு, எல்லை தாண்டி வந்து குவிந்த மலிவான மக்காச்சோளத்தோடு சிறு விவசாயிகள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. சட்டியில் தனக்கென்று இடம்பிடித்த ரகத்துக்கு, அந்த நெருக்கடியிலும் கேட்டு வாங்க ஆள் இருந்தது. மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைப் பயிரிடக் கூடாது என்று 2025-ல் மெக்சிகோ தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

செய்முறை

ஏழெட்டுப் பேருக்கு அரை கிலோ காய்ந்த மக்காச்சோளம் போதும். வெள்ளை ரகம் கிடைத்தால் நல்லது. நம் மஞ்சள் வீரிய ரகத்திலும் செய்யலாம். வேக நேரம் பிடிக்கும், பூ அவ்வளவாக விரியாது. ஸ்வீட் கார்ன் இதற்கு ஆகாது. விதைக்காக வாங்கி, மருந்து கலந்து நிறமேற்றிய மணியைத் தப்பித் தவறியும் சமையலுக்கு எடுக்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்த மணி இருந்தால் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். சுண்ணாம்பு அதன் நச்சை முழுக்க முறித்துவிடாது.

இரண்டு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் நீற்றிய சுண்ணாம்புத் தூளைக் கரைக்கவும். குழைவான வெற்றிலைச் சுண்ணாம்பு என்றால் 10 கிராம். மணமோ நிறமோ சேர்க்காததாக இருக்க வேண்டும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பும் நீற்றாத கல்சுண்ணாம்பும் கூடவே கூடாது. அலுமினியப் பாத்திரத்தை சுண்ணாம்பு அரிக்கும் என்பதால் எவர்சில்வர் பாத்திரமே சரி. மணியைப் போட்டு அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம் வரை மெல்லக் கொதிக்கவிடவும். இரண்டு விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அதுதான் பதம். இறக்கி இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் நாலைந்து தண்ணீர் மாற்றி, வழுவழுப்பு போகும்வரை தேய்த்துக் கழுவவும்.

இனி பொறுமை வேண்டிய வேலை. ஒவ்வொரு மணியின் அடியிலும் கதிரோடு ஒட்டியிருந்த கூரான முனையைக் கிள்ளி எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மணி விரியாது. மெக்சிகோவில் திருவிழாவுக்கு முன்னால் வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசியபடி செய்கிற வேலை இது.

கிள்ளிய மணியை நிறையத் தண்ணீர், ஒரு முழுப் பூண்டு, வெங்காயத்தோடு வேகவைக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். குக்கரில் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு திறந்து பார்க்கலாம். அங்கே எலும்போடு கூடிய பன்றி இறைச்சிதான் வழக்கம். நாட்டுக்கோழியும் பொருந்தும். மணி விரிந்த பிறகுதான் உப்பு.

இப்படியே பரிமாறினால் வெள்ளைப் பொசோலே. ஹலிஸ்கோ மாநிலத்தின் சிவப்புப் பொசோலேவுக்கு, காரம் குறைந்த வற்றல் மிளகாயை விதை நீக்கி லேசாக வறுத்து, வெந்நீரில் ஊறவைத்து, பூண்டோடு அரைத்து வடிகட்டி, கொழுப்பில் வதக்கிச் சேர்ப்பார்கள். நமக்குக் காஷ்மீரி மிளகாய் சரிப்படும். குரேரோவின் பச்சைப் பொசோலேவில் அரைத்த பூசணி விதையும் பச்சை மிளகாயும் தழைகளும் சேரும்.

முள்ளங்கி, முட்டைக்கோஸ், வெங்காயம் எல்லாம் பச்சையாகப் பொடிப்பொடியாக நறுக்கித் தனித்தனித் தட்டில் இருக்கும். அவரவர் கிண்ணத்தில் அவரவர் தூவிக்கொண்டு எலுமிச்சை பிழிவார்கள். காய்ந்த ஓரிகானோ இலையையும் உள்ளங்கையில் கசக்கிப் போடுவார்கள். மெக்சிகோ ஓரிகானோ நம் வேலியோர உண்ணிச்செடியின் குடும்பம். அதற்காக உண்ணிச்செடியைப் பறித்துப் போட்டுவிடாதீர்கள், அது நஞ்சு.

கழுவி முனை கிள்ளிய மணி மிஞ்சினால், நிழலில் நன்றாக உலர்த்தி டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை சுண்ணாம்பு வேலை இல்லை. ஊறவைத்து நேரே அடுப்பில் ஏற்றலாம்.