துருவும் காப்பும்

இரும்பின் வன்மையை அறியாதார் இலர். ஆயினும், அவ்வன்மையை ஓசையின்றித் தின்று அழிக்கும் பகை ஒன்று உண்டு. அதுவே துரு.

சென்னையில் கடலையடுத்த மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இப்பகையின் ஆற்றலை எளிதிற் காணலாம். வீடுகளின் சன்னற் கம்பிகள் செந்நிறம் பெற்று உதிர்கின்றன. டிராக்டரின் பின்னே பூட்டி, செங்கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் பழைய எஃகு டிரெய்லர், வெயிலிலும் மழையிலும் நிற்பதால் இன்னும் மிகுதியாக நலிவுறுகிறது.

இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயு, நீர் ஆகிய மூன்றும் கூடினால் துரு தோன்றும். நீரில் உப்புக் கலந்தால் மின்னோட்டம் அதனூடே எளிதிற் செல்லும், துருப்பிடித்தலும் விரைவடையும். கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. கடலினின்று சற்று அகன்ற தியாகராய நகரில் உப்பின் கொடுமை குறைவு. எனினும் தேங்கிய மழைநீர் அங்கும் தன் வேலையைச் செய்யும். அலுமினியத்தின்மேற் படியும் ஆக்சைடு அதற்குக் கவசமாகும். துருவோ நுண்துளைகள் உடையது. நீரையும் காற்றையும் உள்ளே விட்டு, மேலும் மேலும் அரிக்கும்.

கண்ணுக்குத் தெரியும் பக்கத்தகட்டைவிட, நீரும் சேறும் தங்கும் இடங்களிலேயே துரு ஆழமாகப் பாயும். ஆதலால் தளத்தின் அடிப்பகுதி, அடிச்சட்டத்தின் மூலைகள், பற்றவைத்த மூட்டுகள், டிராக்டரோடு பிணைக்கும் கொக்கி ஆகியவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால், உறுதியான எஃகு கணீரென ஒலிக்கும்; அரிக்கப்பட்டது மங்கிய ஒலி எழுப்பும். பாரத்தோடு செல்லும்போது கொக்கி முறிந்தால், வீதியிற் செல்வோர் உயிருக்கே தீங்கு நேரும்.

துருவின்மேல் வண்ணம் பூசுவது நோயைப் போர்வையால் மூடுவதற்கு ஒப்பாகும். முதலில் வண்டியை நன்னீரால் கழுவி உலர்த்தி, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும். பின்னர்க் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் துருவைச் சுரண்டி எடுத்தல் வேண்டும். எஃகு மீண்டும் ஈரம் கொள்ளுமுன், துத்தநாகம் மிகுந்த பிரைமரைப் பூச வேண்டும். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும் தன்மையது. அதன்மேல் இருமுறை வண்ணம் பூசுதல் நன்று. தகடு மெலிந்துவிட்டால், அப்பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைப்பதே வழி. வண்ணம் வலிமை தராது. தளத்தில் நீர் வடியத் துளைகளும் வேண்டும்.

இராமேசுவரத்திற்குச் செல்லும் பாம்பன் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. உப்புக்காற்றின் நடுவே அது நூறாண்டுக்கு மேல் நின்றதற்கு இடையறாத பராமரிப்பே காரணம். இறுதியில் அரிப்பு மேலோங்கவே, 2022-இல் அதன்மேல் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025-இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. காரைக்குடியில் 1953-இல் தொடங்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இவ்வரிப்பைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்து வருகிறது.

பெரும்பாலமாயினும் சிறுவண்டியாயினும் நெறி ஒன்றே. துரு ஓய்வதில்லை; ஆதலால் காப்பவரும் சோர்தல் ஆகாது. சிறுபுள்ளியாக இருக்கும்போதே அதைக் களைபவர், பொருளைக் காப்பதோடு பிறர் உயிரையும் காப்பவராவர்.