வானில் ஒரு மின்வெட்டு

அமெரிக்காவில் தம் கையாலேயே விமானம் கட்டிப் பறப்போர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். வேலையில் பெரும்பகுதியை அவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. 1953-ல் மில்வாக்கியில் தோன்றிய அவர்களது சங்கம், 1970 முதல் ஆஷ்காஷ் நகரில் கோடை விழா நடத்தி வருகிறது.

இன்று இத்தகைய பல விமானங்களில் முள் காட்டும் கருவிகளுக்குப் பதில் மின்திரைகள். உடன் தானே ஓட்டும் 'ஆட்டோபைலட்'. இவற்றுக்கெல்லாம் மின்சாரம் தருவது எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர். மேகத்தினுள்ளே அது பழுதானால்? பாட்டரி ஒன்றே கதி!

சம்பளம் நின்ற குடும்பம் என்ன செய்யும்? வாடகையும் அரிசியும் முதலில், சினிமா பிறகு. இங்கும் அதே கணக்குதான். 16 ஆம்பியர்-மணி பாட்டரியில் 20 ஆம்பியர் இழுத்தால் முக்கால் மணி கூடத் தாங்குவது அரிது. 5 ஆம்பியராகக் குறைத்தால் சுமார் மூன்று மணி நேரம் பறக்கலாம்.

ஆகவே அத்தியாவசியக் கருவிகளுக்குத் தனி மின்வழி அமைக்கின்றனர். மின்னழுத்தம் 13 வோல்ட்டுக்குக் கீழிறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும். விமானி உடனே ஒரு சுவிட்சைத் தட்டி, வேண்டாத சுமைகளை நீக்குகிறார்.

ஆட்டோபைலட்டையும் நிறுத்துவதா? அவசரமில்லை. அது இறக்கைகளைச் சமனாக வைத்திருக்க, விமானி நிதானமாக வழி தேடலாம். ஆனால் அதுவே முரண்டு பிடித்தால், கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தி உடனே விலக்க வேண்டும்.

மாக்னெட்டோ உள்ள எஞ்சினுக்குப் பாட்டரி தீர்ந்தாலும் கவலையில்லை. தீப்பொறியை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். மின்னணுப் பற்றவைப்பை மட்டுமே நம்பியவருக்கோ, பாட்டரியின் ஒவ்வொரு நிமிடமும் உயிர்!