பிள்ளை பிறந்த பின்னும் தாயைக் கவனிப்போம்

பிள்ளைப்பேறு நல்லபடி முடிந்ததும் “இனிப் பயமில்லை” என்று வீட்டார் ஆறுதல் அடைவர். எல்லோருடைய கவனமும் குழந்தையின் பக்கம் திரும்பிவிடும். ஆனால், தாயின் இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் ஒருங்கே தாக்கும் நோயொன்று பெரும்பாலும் இந்த நாட்களில்தான் தலைகாட்டுகிறது. வைத்தியர்கள் இதனைச் சுருக்கமாக ‘ஏ.எச்.யூ.எஸ்.’ என்பர்.

இது மிக அரிதான நோய். ஆயினும் சில நாள் தாமதமே சிறுநீரகத்தை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யக்கூடும். பிரான்சில் இந்நோய் கண்ட 100 பெண்களைப் பற்றிய ஆய்வொன்று 2010இல் வெளியானது. அவர்களில் 21 பேருக்கு நோய் கர்ப்பத்தோடு தொடர்புற்று வந்தது. அந்த 21 பேரிலும் ஐந்தில் நான்கு பங்கினருக்குப் பிரசவத்தின் பின்னரே அது வெளிப்பட்டது.

நோய் எவ்வாறு உண்டாகிறது?

கிருமிகளை எதிர்க்கும் காவற் புரதங்கள் எமது இரத்தத்தில் உள்ளன. அவற்றைக் கட்டுப்படுத்தும் புரதங்களும் உண்டு. சிலருக்குப் பிறப்பிலேயே இக்கட்டுப்பாடு குறைவு. சாதாரண நாட்களில் அது வெளியே தெரியாது. கர்ப்பமும் பிரசவமும் தூண்டும்போது, காவற் புரதங்கள் சொந்த இரத்தக் குழாய்களையே தாக்குகின்றன. உள்ளே நுண்ணிய இரத்தக் கட்டிகள் படிகின்றன.

தோட்டத்துத் தெளிப்புக் குழாயின் துவாரங்களில் மணல் அடைத்தால் என்ன நடக்கும்? நீர் பாயாது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலும் இதுவே நிகழ்கிறது. ஒடுங்கிய வழியால் செல்லும் செங்குருதிக் கலங்கள் உடைகின்றன. குருதிச் சிறுதட்டுக்கள் குறைகின்றன. சிறுநீர் பிரிவது தடைப்படுகிறது. விரியன் இனப் பாம்பு தீண்டிய சிலருக்கும் இவ்வாறான அடைப்பினால் சிறுநீரகம் பழுதடைவதுண்டு.

இந்நோய் கிணற்று நீரால் வருவதன்று, தாயின் குற்றமுமன்று.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• சிறுநீர் குறைதல், அல்லது தேயிலைச் சாயம்போல் கறுத்துப் போதல்
• முகமும் கால்களும் வீங்குதல்
• உடல் வெளிறுதல், மூச்சு வாங்குதல், கண் மஞ்சளாதல்
• கடுந் தலையிடி, பார்வை மங்குதல், வலிப்பு
• ஓயாத வாந்தி, மேல் வயிற்று நோவு

கர்ப்பகால ‘பிறசர்’ நோயிலும் இவற்றிற் சில தோன்றும். ஆனால் அது பொதுவாகப் பிரசவத்தின் பின் சில நாட்களில் தணியத் தொடங்கும். மூன்று நாட்களின் பின்னும் இரத்தப் பரிசோதனை மோசமாகிக்கொண்டே போனால் வைத்தியர்கள் இந்நோயை ஐயுறுவர்.

நாம் செய்யக்கூடியவை

நாற்பது நாள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். “சூடு”, “பிள்ளை பெற்ற களைப்பு” என்று எண்ணிக் கை வைத்தியம் செய்து நாளைக் கடத்தவும் வேண்டாம். சிறுநீர் குறைந்திருக்கும்போது நோவுக் குளிசைகளைத் தாமாக வாங்கிக் கொடுப்பது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

வீடு வரும் மருத்துவிச்சியிடம் குழந்தையைப் பற்றி மட்டுமன்றித் தாயின் சிறுநீர், வீக்கம் பற்றியும் கூறுங்கள். அறிகுறி கடுமையானால் அவர் வரும்வரை காத்திராமல் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இந்த ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவை 2019 முதல் எல்லா மாகாணங்களிலும் உண்டு. கற்பிட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு வழி நீண்டது. இரவென்று தயங்க வேண்டாம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரைக்கு வந்த குடும்பங்களிற் சில, இன்று இங்கும் மன்னாரிலுமாக வாழ்கின்றன. இங்கே கிளினிக் சென்று அங்கே பிள்ளை பெறும் தாயின் கையில் கர்ப்பிணி அட்டையும் பரிசோதனைத் துண்டுகளும் இருத்தல் அவசியம். முன்னைய இரத்த அளவு தெரிந்தால்தான் புதிய வைத்தியர் மாற்றத்தை உடனே காண்பார்.

சிகிச்சை உண்டு. இயந்திரம் மூலம் இரத்தத்தைச் சுத்திகரித்தல், பிளாஸ்மா மாற்றுதல் ஆகியன தாயைக் காக்க உதவும். காவற் புரதங்களை அடக்கும் ‘எக்குலிசுமாப்’ என்னும் மருந்து 2011 முதல் மேலைநாடுகளில் இந்நோய்க்கு வழங்கப்படுகிறது. விலையோ மிக அதிகம். ஆகவே, எமக்குக் கைகொடுப்பது காலந் தாழ்த்தாமையே.

குணமடைந்த தாய்க்கு அடுத்த கர்ப்பத்தில் நோய் மீளக்கூடும். கருத்தரிக்க எண்ணும்போதே வைத்தியரிடம் கூறுங்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரமெல்லாம் தாயின் முகத்தையும் பாருங்கள். “இன்றைக்குச் சிறுநீர் ஒழுங்காகப் போனதா?” என்று கேளுங்கள்.