பொன்னேர் பூட்டும் முன்பு ஒரு கணக்கு

சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து, கலப்பைக்கு மஞ்சள் குங்குமமிட்டு, மாடுகளைக் குளிப்பாட்டி, நான்கு சால் ஓட்டிப் புது வருட வெள்ளாமையைத் தொடங்கி வைப்பது தென்மாவட்டக் கரிசல் பூமியில் நெடுநாளைய வழக்கம். இதனைப் பொன்னேர் பூட்டுதல் என்பர். உழவு மாடுகள் அருகிவிட்ட இந்நாளில் டிராக்டருக்கு மாலையிட்டும் இதைச் செய்கிறார்கள். அதிலொன்றும் பிழையில்லை. ஆனால், வியாபாரிகள் புது வருடத்தில் புதுக் கணக்குப் போடுவது போல நம் உழவர் பெருமக்கள் போடுவதில்லையே என்பதுதான் என் குறை.

பேரையூர்ப் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் பயிரிடும் பெரியவர் ஒருவரிடம், “போன வருடம் ஏக்கருக்கு எவ்வளவு செலவு ஐயா?” என்று கேட்டேன். “அது உரக்கடை நோட்டுல இருக்கும் சார்” என்றார். செலவுக் கணக்கு கடன் கொடுத்தவரிடம் மட்டுமே இருக்கிறது. அந்த நோட்டில் அவருடைய உழைப்புக்கு ஒரு வரிகூட இராது.

ஓர் ஏக்கர் மானாவாரி மக்காச்சோளத்தை உதாரணமாகக் கொள்வோம். தொகைகள் விளக்கத்திற்காகவே, உங்கள் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். உழவு 4,000 ரூபாய், விதை 3,000, உரம் 5,500, களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் 3,500, ஆள்கூலி 4,000, அறுவடையும் வண்டி வாடகையும் 4,000. ஆக 24,000 ரூபாய். பதினைந்து குவிண்டால் விளைந்து, குவிண்டால் 2,000 ரூபாய்க்குப் போனால் வரவு 30,000. ஆறாயிரம் மிச்சம் என்று மனம் சொல்லும். வீட்டு ஆட்கள் இருபது நாள் பாடுபட்டதற்கு நாளொன்றுக்கு 300 வீதம் 6,000 எழுதுங்கள். செலவில் பாதி, அதாவது 12,000 ரூபாய், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் வாங்கியதானால் ஆறு மாத வட்டி 1,440. மிச்சமென்று நினைத்த இடத்தில் 1,440 ரூபாய் நட்டம்! நகை ஏன் திரும்பவில்லை என்பதற்கு விடை இந்தக் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது.

கணக்கு எழுதுவது மனதை வருத்திக்கொள்ள அல்ல. எந்த வரியில் கை வைக்கலாம் என்று பார்க்கத்தான். வட்டி வரியைக் குறைக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையோ, 1998 முதல் நடைமுறையில் உள்ள உழவர் கடன் அட்டையையோ நாட வேண்டும். அதற்கான காகிதங்களைச் சேகரிக்கக் கோடை மாதங்களே தோதானவை. விதைப்பு நேரத்தில் அலைய முடியாது.

மருந்து வரிக்கு வருவோம். இவ்வட்டாரத்தில் பருத்தி, சோளம், குதிரைவாலி விளைந்த நிலங்களில் கோழித்தீவனத் தேவையால் மக்காச்சோளம் பரவியது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதத்தில் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டிற்கும் வந்துவிட்டது. பகலில் குருத்துக்குள் ஒளிந்துகொள்ளும் இப்புழுவை, வளர்ந்த பிறகு மருந்தால் மட்டும் அடக்க முயல்வது வீண் செலவு. இது மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில்தான் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே கோடை மழை பெய்ததும் சரிவுக்குக் குறுக்கே உழுது புரட்டிவிட்டால் வெயிலும் பறவைகளும் நமக்கு வேலை செய்யும். பெய்யும் மழையும் மண்ணில் இறங்கும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட வேண்டும். உளுந்தை ஊடுபயிராகவும், தட்டைப்பயறை வரப்போரத்திலும் போடலாம். ஊரில் அனைவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விதைப்பது மிகவும் அவசியம். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக விதைத்தால் புழுவுக்கு நான்கு மாதமும் இளம்பயிர் கிடைத்துக்கொண்டே இருக்கும். பொன்னேர் அன்று ஊர் கூடும்போதே இதைப் பேசி முடித்துக்கொள்ளலாமே!

மக்காச்சோளத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் மூன்றிலும் அதையே போடுவதுதான் ஆபத்து. ஓர் ஏக்கரில் குதிரைவாலி போட்டுப் பார்க்கலாம். மதுரை வேளாண்மைக் கல்லூரி உருவாக்கிய மதுரை 1 என்ற இரகம் 95 முதல் 100 நாட்களில் அறுவடைக்கு வரும். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். விதைச் செலவு மிகக் குறைவு. வறட்சியைத் தாங்கும். தட்டை மாட்டுக்கு ஆகும். இதில் சங்கடமும் உண்டு. உமி நீக்குவது எளிதன்று. களத்திலேயே தானியமாகக் கொடுத்தால் வியாபாரி சொன்னதுதான் விலை. 2023-ஐ உலக சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த பிறகு கடைகளில் குதிரைவாலி அரிசிக்குக் கிராக்கி இருந்தாலும், அந்த விலை தானாக நம் களத்துக்கு வந்துவிடாது. எனவே விதைக்கும் முன்பே வாங்குபவரை விசாரியுங்கள். உழவர் உற்பத்தியாளர் குழு அருகில் இருந்தால் அதன் மூலம் விற்பது நல்லது.

பயிர்க் காப்பீட்டில் உணவு தானியப் பயிர்களுக்கு உழவர் பங்கு ராபி பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்தான். கடைசித் தேதி வரை காத்திராமல் அடங்கல் கைக்கு வந்ததும் பதிந்துவிட வேண்டும்.

இனி உர வரி. பக்கத்துப் புஞ்சைக்காரர் இரண்டு மூட்டை டி.ஏ.பி. போட்டார் என்பதால் நாமும் போடுவது கணக்கில் சேராது. கரிசல் மண்ணில் துத்தநாகப் பற்றாக்குறை அடிக்கடி காணப்படுகிறது. பரிசோதனையில் அது தெரிந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டைத் தனியே இட வேண்டும். டி.ஏ.பி.யுடன் கலக்கக் கூடாது. மண் மாதிரிக்கு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரை அடி ஆழத்துக்கு ‘வி’ வடிவக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, நிழலில் உலர்த்தி, கால் பங்கீட்டு முறையில் அரைக் கிலோவாகக் குறைக்கவும். எருக்குழி அருகிலும் மர நிழலிலும் எடுக்க வேண்டாம். சித்திரையிலேயே எடுத்து வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்துவிடுங்கள். ஆவணியில் கொடுத்தால், முடிவு வருவதற்குள் புரட்டாசி விதைப்பே முடிந்துவிடும்.