திரைக்குப் பின் ஒலிக்கும் நடிப்பு: பின்னணிக் குரல் கலைஞர் ரோகிணியை முன்வைத்து

முன்னுரை

புதுக்கோட்டையில் பிறந்த பி. யு. சின்னப்பா, ‘உத்தமபுத்திரன்’ (1940) படத்தில் இரட்டை வேடம் ஏற்றபோது வசனத்தையும் பாடலையும் தம் சொந்தக் குரலிலேயே வழங்கினார். நாடக மேடையிலிருந்து வந்த அத்தலைமுறை நடிகர்களிடம் உடலும் குரலும் ஒன்றாகவே இயங்கின. அப்பிணைப்பு அக்காலத்திலேயே தளரவும் தொடங்கியது. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் ‘நந்தகுமார்’ (1938) படத்தில் பின்னணிப் பாடல் முறையைக் கையாண்டார். கன்னட ‘ஹரிச்சந்திரா’வை 1944இல் தமிழில் குரல்மாற்றம் செய்து வெளியிட்டார். பின்னர், பாடியவர் பெயரை இசைத்தட்டும் வானொலியும் மக்களிடம் சேர்த்தன. பேசியவர் பெயரோ பெரும்பாலும் மறைந்தே நின்றது. அம்மறைவின் விளைவை ரோகிணியின் குரல்பணி வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணிக் குரலின் இயல்பு

படப்பிடிப்பு முடிந்தபின், திரையில் ஓடும் காட்சியைப் பார்த்தவாறே குரல் கலைஞர் பேசுகிறார். உதட்டசைவோடு சொல் பொருந்த வேண்டும். பெருமூச்சு, விம்மல், தயக்கம் ஆகியனவும் நடிப்பவரின் முகக்குறிப்போடு இயைய வேண்டும். வேறொருவரின் உடல்மொழிக்குள் நின்று நடிப்பதால் இதனைத் தனி நடிப்புக்கலை எனக் கொள்ளலாம்.

ரோகிணியின் பன்முகத்திறன்

தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ரோகிணி, குழந்தை நட்சத்திரமாகத் திரையுலகிற்கு வந்தவர். ‘பம்பாய்’ (1995) படத்தில் நேபாளத்தைச் சேர்ந்த மனிஷா கொய்ராலாவுக்குத் தமிழ்க் குரல் அளித்தார். தமிழகச் சிற்றூர்ப் பெண்ணாகத் தொடங்கி, கலவர நகரில் பிள்ளைகளைத் தேடும் தாயாக வளரும் ஷைலா பானுவின் தமிழ் அவர் வழங்கியதே. ‘இருவர்’ (1997) படத்திலும், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ‘இராவணன்’ (2010) படத்திலும் ஐஸ்வர்யா ராய்க்கு அவர் குரல் கொடுத்தார். இவற்றுடன், ‘ஸ்திரீ’ என்னும் தெலுங்குப் படத்தில் நடித்துத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பைப் பெற்றமையும், ‘பச்சைக்கிளி முத்துச்சரம்’ (2007) படத்தில் பாடல் எழுதியமையும், குழந்தை நடிகர்களைப் பற்றி ஆவணப்படம் இயக்கியமையும் அவரது பன்முகத்திறனுக்குச் சான்றுகளாகும்.

அறிந்தேற்பின் சிக்கல்

‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) என்னும் மலையாளப் படத்திற்காகச் ஷோபனா தேசிய விருது பெற்றார். அதில் கங்காவுக்குக் குரல் தந்தவர் பாக்கியலட்சுமி. தமிழ் பேசும் நாகவல்லியின் குரலும் அவருடையதே என நெடுங்காலம் நம்பப்பட்டது. அக்குரல் தமிழ்க் கலைஞர் துர்காவுடையது என்பதை இயக்குநர் பாசில் 2016இல் எழுதிய பின்னரே பலரும் அறிந்தனர். ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு கலைஞரின் பணி மற்றொருவர் பெயரில் வழங்கியது. தமிழக அரசு பின்னணிக் குரலுக்கு விருது வழங்குகிறது. தேசிய விருதுகளில் இதற்கெனத் தனிப்பிரிவு இல்லை. ஜப்பானிலோ, ‘டிராகன் பால்’ தொடரில் கோக்குவுக்கும் அவன் மகன்கள் இருவருக்கும் குரல் தந்த மசாகோ நொசாவா, தம் பெயராலேயே நாடறிந்த கலைஞராக விளங்குகிறார்.

முடிவுரை

திரைப்படப் பெண் பாத்திரங்களை ஆராய்வோர் பேச்சுநடை, தொனி, உணர்ச்சி ஆகியவற்றை முகம் காட்டிய நடிகைக்கே உரியனவாகக் கொள்ளுதல் ஆய்வுப் பிழையாகும். நடிகர் பெயருடன் குரல் கலைஞர் பெயரையும் கண்டறிந்து பதிவுசெய்தல் அவசியம். அக்கலைஞர்கள் வாழும் காலத்திலேயே அவர்தம் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவது இத்துறையின் உடனடித் தேவையாகும்.